விண்டோ திறக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை

பைத்தானில் ஓரளவு எழுதப் பழகியவர்கள் விண்டோ, பட்டன் எல்லாம் செய்யும் நூலகமான டிகிண்டரில் முதன்முறையாக ஒரு விண்டோ செய்து பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். “எரர் எதுவும் வரல, ஆனா பட்டன் வேலை செய்யல.” “படம் போட்டேன், வெறும் கட்டம்தான் தெரியுது.” “கொஞ்ச நேரத்துல நாட் ரெஸ்பாண்டிங்னு வந்துடுது.” மூன்றும் வேறுவேறு பிழைகள்தான். ஆனால் மூன்றிலும் நிரல் வாயைத் திறக்கவில்லை. டெர்மினலில் ஓடும் நிரலில் தப்பு இருந்தால் பத்து வரி ட்ரேஸ்பேக்கைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று அதுவே சொல்லிவிடும். விண்டோ உள்ள நிரல் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி.

அதனால் வரைகலை நிரலில் பிழை தேடும்போது நான் முதலில் பார்ப்பது லாஜிக்கை அல்ல. நிரலைப் பேசவைக்க வேண்டும். அது பேசிய பிறகு, பேசியது யார் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்தால் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் தாமாகவே தெரிந்துவிடுகின்றன.

“யார்” என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிகிண்டர் என்பது முழுக்கப் பைத்தான் கிடையாது. ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். அந்த மொழியிலிருந்து விண்டோ, பட்டன், மெனு எல்லாம் வரைவதற்கு அவரே எழுதிய கருவித்தொகுதிதான் டிகே. ஸ்டீன் லும்ஹோல்ட்டும் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமும் டிகிண்டரை எழுதியபோது டிகேயைப் பைத்தானில் மறுபடி எழுதவில்லை. டிசிஎல் இன்டர்பிரெட்டரை அப்படியே பைத்தானுக்குள் குடிவைத்தார்கள். இன்றும் நீங்கள் டிகே() என்று ஒரு வரி எழுதினால் உள்ளே ஒரு டிசிஎல் இன்டர்பிரெட்டர் உயிர்பெறுகிறது. பட்டனின் நிறத்தை மாற்றினால், அந்த வேண்டுகோள் டிசிஎல் கட்டளையாக மாறி அந்தப் பக்கம் போகிறது. அதற்கும் கீழே விண்டோஸோ, மேக்கோ, லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரோ இருக்கிறது. ஆக மூன்று அடுக்கு. எரர் எந்த அடுக்கிலிருந்தும் வரலாம்.

எரர் வரியை உற்றுப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். டிகேயின் புதிய பாணி விட்ஜெட்களான (பட்டன், லேபிள் போன்ற விண்டோ உறுப்புகள்) டிடிகேயில் ஒரு பட்டனுக்கு பிஜி என்று பின்னணி நிறம் கொடுத்தால், “அன்னோன் ஆப்ஷன் -பிஜி” என்று வரும். நீங்கள் எழுதியதில் அந்தக் கோடு கிடையாது; டிசிஎல்லில்தான் ஆப்ஷன்களுக்கு முன்னால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே பைத்தான் பக்கம் எழுத்துப்பிழை தேடுவதை நிறுத்திவிட்டு, இந்த விட்ஜெட்டுக்கு அந்த ஆப்ஷன் உண்டா என்று பார்க்கலாம். (டிடிகே பட்டனுக்குக் கிடையாது, ஸ்டைல் வழியாகத்தான் நிறம் மாற்ற முடியும்.) அதேபோல ஒரு புள்ளி, ஆச்சரியக்குறி, ஃப்ரேம், மறுபடி புள்ளி, ஆச்சரியக்குறி, பட்டன்2 என்று ஒரு விநோதமான பெயர் எரரில் வந்தால் பயப்பட வேண்டாம். அது விட்ஜெட்டின் முகவரி. முதல் புள்ளி முதன்மை விண்டோ, அதற்குள் ஒரு ஃப்ரேம், அந்த ஃப்ரேமுக்குள் இரண்டாவது பட்டன். பைத்தான் 3.6 முதல் இப்படிப் பெயர் வருகிறது; அதற்கு முன்பு வெறும் எண்கள்தான், எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்தச் சின்ன மாற்றம் எத்தனை பேருடைய நேரத்தை மிச்சம் பிடித்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

நிறுவுதலில் வரும் சிக்கல்களை வேகமாகத் தாண்டிவிடலாம். டெர்மினலில் “பைத்தான் -எம் டிகிண்டர்” என்று கொடுத்தால் ஒரு சின்ன விண்டோ வர வேண்டும். அதில் டிகேயின் பதிப்பு எண்ணும், அழுத்திப் பார்க்க ஒரு பட்டனும், வெளியேற ஒரு பட்டனும் இருக்கும். அது வந்துவிட்டால் நிறுவுதலில் குறை இல்லை. டிகிண்டர் என்ற மாட்யூலே இல்லை என்று சொன்னால், உபுண்டு, டெபியன் போன்றவற்றில் அது தனிப் பொதி; பைத்தான்3-டிகே என்ற பெயரில் ஆப்ட் வழியாகப் போட வேண்டும். பிப் வழியாக வராது. பைஎன்வ் போன்ற கருவியில் பைத்தானைக் கம்பைல் செய்திருந்தால், டிகேயின் டெவலப்மென்ட் பொதியை முதலில் போட்டுவிட்டு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். “நோ டிஸ்ப்ளே நேம்” என்று வந்தால் திரையே இல்லாத இடத்தில், அதாவது எஸ்எஸ்ஹெச் வழியாகவோ க்ரானிலோ டாக்கருக்குள்ளோ ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் இன்னொன்று. கற்றுக்கொள்ள எழுதும் முதல் ஃபைலுக்கு டிகிண்டர்.பிஒய் என்றே பெயர் வைத்துவிடுவது சகஜம். பைத்தான் அசல் டிகிண்டரை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்யும். டிகே என்ற ஒன்றே இல்லை என்று சொல்லும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன்.

பட்டனை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷனில் ஒரு எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது வரும் பிழை, எழுந்தால் டிகிண்டர் நிரலை நிறுத்துவதில்லை. ட்ரேஸ்பேக்கை ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகள் போகும் வழி) அச்சிட்டுவிட்டு அடுத்த கிளிக்குக்காகக் காத்திருக்கிறது. டெர்மினலிலிருந்து ஓட்டியிருந்தால் அங்கே அது தெரியும். ஆனால் விண்டோஸில் பிஒய்டபிள்யூ ஃபைலாக டபுள் கிளிக் செய்தாலோ, பைஇன்ஸ்டாலரில் கன்சோல் வேண்டாம் என்று சொல்லி இஎக்ஸ்இ ஆக்கியிருந்தாலோ ஸ்டாண்டர்ட் எரர் என்ற ஒன்றே அங்கே கிடையாது. பைத்தானில் அதன் மதிப்பு நன், அதாவது ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் இருக்கும். ட்ரேஸ்பேக் அச்சிடப்படுகிறது, ஆனால் போய்ச்சேர இடம் இல்லை. பயன்படுத்துகிறவர் பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்துகிறார். நமக்குப் போன் வருகிறது: “சார், உங்க சாஃப்ட்வேர் சேவ் ஆகல.”

இதற்கு மருந்து டிகிண்டருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பல பாடங்கள் அதைச் சொல்வதில்லை. முதன்மை விண்டோவுக்கு ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்று ஒரு மெத்தட் உண்டு. எந்தக் கால்பேக்கில் (கிளிக் போன்ற நிகழ்வு வந்ததும் டிகிண்டர் ஓட்டும் நம் ஃபங்ஷன்) எக்ஸெப்ஷன் எழுந்தாலும் டிகிண்டர் இதைத்தான் கூப்பிடுகிறது. எக்ஸெப்ஷனின் வகை, மதிப்பு, ட்ரேஸ்பேக் என்று மூன்றையும் கையில் கொடுக்கும். அந்த இடத்தில் நம்முடைய சொந்த ஃபங்ஷனைப் பொருத்திவிட்டால் போதும். நான் அதில் இரண்டு வேலை செய்யவைப்பேன். முழு ட்ரேஸ்பேக்கையும் தேதி, நேரத்தோடு ஒரு லாக் ஃபைலில் எழுதுவது. பயன்படுத்துகிறவருக்குத் தமிழில் ஒரு மெசேஜ்பாக்ஸ் காட்டுவது. “சேமிக்க முடியவில்லை, விவரம் லாக் ஃபைலில் இருக்கிறது” என்று வந்தால் அவருக்கும் நிம்மதி, அந்த ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னால் எனக்கும் வேலை பாதியாகிவிடும். யார் எந்த டிகிண்டர் நிரலைக் கொண்டுவந்தாலும் முதலில் இதைச் சேர்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன். பல நேரம் அதற்கு மேல் பார்க்கத் தேவையே இருப்பதில்லை.

பட்டன் வேலை செய்யாததற்கு இன்னொரு காரணம் மிகப் பழையது. கமாண்ட்=சேமி என்று எழுத வேண்டிய இடத்தில் கமாண்ட்=சேமி() என்று அடைப்புக்குறியோடு எழுதுவது. (பைத்தான் 3இல் ஃபங்ஷனுக்குச் சேமி என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், நான் பயிற்சி நிரல்களில் அப்படித்தான் எழுதுகிறேன்.) அடைப்புக்குறி போட்டதும் பட்டன் உருவாகும் அந்தக் கணத்திலேயே ஃபங்ஷன் ஓடி முடிந்துவிடுகிறது. அது திருப்பித் தரும் நன் பட்டனுக்குப் போய்ச் சேர்கிறது. விண்டோ திறக்கும்போதே யாரும் கேட்காமல் ஒருமுறை சேமித்துவிட்டு, பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் சும்மா இருக்கும். குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓடவைக்கும் ஆஃப்டர் மெத்தடிலும் இதே கதைதான். ஒரு செகண்ட் கழித்து ஓட வேண்டியது உடனே ஓடிவிடும்.

லூப்பில் பத்துப் பட்டன் செய்து ஒவ்வொன்றுக்கும் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) கொடுத்தால், எதை அழுத்தினாலும் கடைசிப் பட்டனின் வேலையே நடக்கும். லாம்டா, லூப் மாறியின் மதிப்பை எழுதும்போது எடுத்துக்கொள்வதில்லை, ஓடும்போதுதான் பார்க்கிறது. பட்டனை அழுத்துவதற்குள் லூப் முடிந்து மாறி கடைசி மதிப்பில் நிற்கிறது. லாம்டா ஐ=ஐ என்று எழுதி அந்த நேரத்து மதிப்பைப் பிடித்துவைத்தால் தீர்ந்தது. பெட்டி = என்ட்ரி(ரூட்).பேக்() என்று ஒரே வரியில் எழுதினால் பெட்டிக்குள் விட்ஜெட் இருக்காது, நன்தான் இருக்கும். விட்ஜெட்டை விண்டோவில் இடம்பிடிக்கவைக்கும் பேக் எதையும் திருப்பித் தருவதில்லை. கெட் கூப்பிடும்போது நன்டைப்பில் கெட் இல்லை என்று வரும் எரருக்கு இதுதான் காரணம். பேக் செய்யவே மறந்துவிட்டாலோ எரரும் வராது, விட்ஜெட்டும் தெரியாது. ஒரே ஃப்ரேமுக்குள் பேக்கையும், அதே வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யும் கிரிட்டையும் கலந்தால் டிகே 8.5 வரை நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், விண்டோவே வராது. 2012 டிசம்பரில் வந்த 8.6 அதைப் பிடித்துத் தெளிவான எரராகச் சொல்லிவிடுகிறது.

படம் மறையும் பிழை இவற்றைவிடச் சுவாரசியமானது. ஃபங்ஷனுக்குள் ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிளில் போடுகிறீர்கள். விண்டோ வருகிறது. படத்தின் அளவுக்குக் கட்டம் இருக்கிறது, படம் இல்லை. இதே நாலு வரியை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் படம் வருகிறது. ஏன்?

இங்கேதான் அந்த இரண்டு மொழிகளின் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. படம் டிசிஎல் பக்கம் இருக்கிறது. பைத்தான் பக்கம் இருப்பது அதைக் குறிக்கும் ஒரு பொருள் மட்டும். லேபிளிடம் நீங்கள் கொடுத்தது படத்தின் பெயரை. லேபிள் உங்கள் பைத்தான் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறியை யாரும் வைத்திருக்கவில்லை என்று பைத்தான் அதை அழிக்கிறது. அழியும்போது அந்தப் பொருள் பொறுப்பாக டிசிஎல்லிடமும் சொல்லிவிடுகிறது: இந்தப் படத்தை நீக்கிவிடு. டிசிஎல் நீக்குகிறது. இரண்டு பக்கமும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொள்கின்றன, அதனால்தான் எரர் இல்லை. லேபிள்.இமேஜ் = படம் என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பொருளை லேபிளோடு கட்டிவைத்தால் படம் நிலைக்கும். டிகிண்டரைச் செப்பனிட்ட ஃப்ரெட்ரிக் லுண்ட் தம்முடைய எஃப்பாட் தளத்தில் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருந்தார். படங்களைக் கையாளும் பிஐஎல் நூலகத்தை எழுதியவரும் அவர்தான். இன்று நாம் பயன்படுத்தும் பில்லோ அதிலிருந்து கிளைத்தது. 2021இல் அவர் மறைந்தார். ஒரு தலைமுறைக்கே டிகிண்டர் சொல்லிக்கொடுத்தவர் என்றால் மிகையில்லை.

பில்லோவைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பில்லோவிலிருந்து இமேஜை இம்போர்ட் செய்துவிட்டு, அடுத்த வரியில் டிகிண்டரிலிருந்து நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றையும் இழுத்தால், டிகிண்டரின் இமேஜ் வந்து பில்லோவின் இமேஜை மூடிவிடும். பிறகு இமேஜில் ஓப்பன் என்று எதுவும் இல்லை என்று எரர் வரும். நட்சத்திர இம்போர்ட்டைப் பாடங்களில் இன்னும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். டிகிண்டரை டிகே என்று சுருக்கி இம்போர்ட் செய்து, டிகே.பட்டன் என்று எழுதினால் இந்த வகைப் பிழைகள் மொத்தமாகவே வராது.

அடுத்தது உறைந்துபோகும் விண்டோ. மெயின்லூப் என்பது ஒரே ஒரு வரிசை. மவுஸ் நகர்வது, விசை அழுத்துவது, விண்டோவை மறுபடி வரைவது எல்லாம் அந்த வரிசையில் வந்து நிற்கின்றன. மெயின்லூப் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறது. உங்கள் பட்டன் ஃபங்ஷனும் அதே வரிசையில்தான் ஓடுகிறது. ரேஷன் கடையில் பில் போடுகிறவரே மூட்டையை எடுக்க குடோனுக்குள் போய்விட்டால் வெளியே வரிசை நகராது அல்லவா, அதுதான். உங்கள் ஃபங்ஷன் இணையத்திலிருந்து ஒரு பெரிய ஃபைலை இறக்க ஆரம்பித்தால், அது முடியும்வரை விண்டோவை வரையக்கூட ஆள் இல்லை. ஐந்து செகண்டுக்கு ஒரு விண்டோ எந்த மெசேஜையும் எடுக்காவிட்டால் விண்டோஸ் அதை வெளிறச் செய்து, தலைப்பில் நாட் ரெஸ்பாண்டிங் என்று எழுதிவிடும். நிரல் சாகவில்லை. உள்ளே மும்முரமாக வேலை நடக்கிறது.

பலரும் இதற்கு முதலில் கண்டுபிடிக்கும் வழி, லூப்புக்கு நடுவே அப்டேட் என்று கூப்பிடுவது. விண்டோ உயிர்பெற்ற மாதிரி இருக்கும். ஆனால் அப்டேட் காத்திருக்கும் எல்லா நிகழ்வுகளையும் எடுத்து ஓட்டுகிறது, பயன்படுத்துகிறவர் பொறுமையிழந்து மறுபடி அழுத்திய அதே பட்டனையும் சேர்த்து. முதல் இறக்கம் பாதியில் நிற்க, அதற்குள்ளேயே இரண்டாவது இறக்கம் தொடங்கும். இப்படி வரும் பிழைகளைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பதே பெரும்பாடு. அப்டேட்டை நான் சிபாரிசு செய்வதில்லை.

நீண்ட வேலை என்றால் தனி த்ரெட், அதாவது அதே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு ஓட்டம். அந்த த்ரெட் விட்ஜெட் எதையும் தொடக் கூடாது. லேபிளை மாற்றுவது, ப்ராக்ரஸ் பாரை நகர்த்துவது எதுவும் அங்கிருந்து வேண்டாம். தொட்டால் என்ன ஆகும்? பல நேரம் ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. டிகிண்டர் அந்த வேண்டுகோளை முதன்மை த்ரெட்டுக்கு அனுப்பிவைக்கப் பார்க்கும், அங்கே மெயின்லூப் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடந்துவிடும். ஓடாத நேரத்தில், குறிப்பாக விண்டோவை மூடும் சமயத்தில், “மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்” என்று விழும். என் மேசையில் சரியாக ஓடுவதும் வாடிக்கையாளரிடம் வாரம் ஒருமுறை விழுவதும் இந்த வகைதான். த்ரெட் தன் முடிவுகளை க்யூ ஒன்றில் (வந்த வரிசையில் எடுத்துக்கொள்ளும் பட்டியல்) போடட்டும். முதன்மை த்ரெட்டில் ஒரு சின்ன ஃபங்ஷன், ஆஃப்டர் வழியாக 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அந்த க்யூவை எட்டிப் பார்த்து, வந்திருப்பதை எடுத்து லேபிளில் எழுதட்டும். எழுதிவிட்டு மறுபடி தன்னையே ஆஃப்டரில் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படி ஆஃப்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோவை மூடினால், “இன்வாலிட் கமாண்ட் நேம்” என்று ஒரு நீண்ட எண்ணும் அதன் வாலில் உங்கள் ஃபங்ஷன் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரு எரர் வரும். அந்த எண் ஏதோ மெமரி கோளாறு என்று நினைக்க வேண்டாம். உங்கள் பைத்தான் ஃபங்ஷனை டிசிஎல் பக்கம் பதிவு செய்தபோது வைத்த பெயர் அது. விண்டோ அழிந்தபோது அந்தப் பதிவும் அழிந்தது, ஆனால் ஆஃப்டரில் போட்டுவைத்த அழைப்பு நேரத்துக்கு வந்து அந்தப் பெயரைத் தேடுகிறது. மூடும் முன் ஆஃப்டர்_கேன்சல் செய்துவிட்டால் வராது. எண்ணின் வாலில் இருக்கும் பெயரைப் படித்தால் எந்த அழைப்பு என்றும் தெரிந்துவிடும்.

சரி, இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரருக்கும் வரும் பிழைகள். நமக்கென்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை.

தெரிந்த அச்சகம் ஒன்றுக்குச் சின்ன நிரல் எழுதிக்கொடுத்திருந்தேன். பத்திரிகை அடிக்க வருகிறவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை பிரதி, எந்த அட்டை என்று பதிந்துவைப்பதற்கு. லேபிள்கள் எல்லாம் தமிழில். விண்டோஸில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டார்கள். மறுநாளே டிடிபி பார்க்கும் பெண் கூப்பிட்டார். “அண்ணா, ‘பெயர்’ங்கிறதெல்லாம் ‘பயெர்’னு வருது. இதோட பத்திரிகை அடிச்சா மானம் போயிடும்.”

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அச்சு அசலாக உண்மை. பகரம் தனியாக நின்றது. ஒற்றைக்கொம்பு அதற்கு முன்னால் வராமல் பின்னால் போய், யகரத்தின் முன் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அது பயெர்தான். முகவரியில் மகரமும் உகரக்குறியும் இணைந்து மு ஆகாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தொலைபேசி என்ற சொல்லில் லகரத்துக்கு வர வேண்டிய ஐகாரக் கொம்பு பகரத்துக்கும், பகரத்தின் இரட்டைக்கொம்பு சகரத்துக்கும் போயிருந்தது. எழுத்துரு சரியில்லை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவர்களும் நாலைந்து எழுத்துருவை மாற்றிப் பார்த்திருந்தார்கள். எதிலும் அதே கோலம்.

அங்கே எனக்குத் துப்புக் கொடுத்தது விண்டோவின் தலைப்புப் பட்டை. அதில் “பெயர் பதிவு” என்று எழுதியிருந்தேன். அது மட்டும் அழகாக, சரியாக இருந்தது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே நிரல், ஒரே சொல். மேலே பெயர், ஓர் அங்குலம் கீழே பயெர். தலைப்புப் பட்டையை டிகே வரைவதில்லை; டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜர் வரைகிறது. ஆக எழுத்துரு இருக்கிறது, சொல்லும் சரியாகவே இருக்கிறது, அதை வரையும் அடுக்கில்தான் குறை.

யூனிகோடில் பெயர் என்பது ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என்று ஐந்து குறியெண்கள். உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன, மெய்க்குப் பிறகே உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பதும், ம்+உவை மு என்ற ஒரே வடிவமாக மாற்றுவதும் திரையில் வரையும்போது நடக்க வேண்டிய வேலை. ஷேப்பிங் என்கிறார்கள். விண்டோஸில் யூனிஸ்கிரைப் அதைப் பார்த்துக்கொள்கிறது, மேக்கில் கோர்டெக்ஸ்ட். லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என்ற அருமையான நூலகம் இருக்கிறது. டிகே போன்ற வேறு கருவித்தொகுதிகளான ஜிடிகே, க்யூடி, அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. டிகே 8.6 பயன்படுத்துவதில்லை. எக்ஸ்எஃப்டி என்ற, எழுத்துருவைத் திரையில் வரையும் நூலகம் வழியாக ஒவ்வொரு குறியெண்ணுக்கும் எழுத்துருவில் இருக்கும் வடிவத்தை எடுத்து, வந்த வரிசையில் அடுக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கும் இந்திக்கும் அரபிக்கும் போதாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. திரையில் சரியாகத் தெரிய வேண்டும் என்று சரத்திலேயே (ஸ்ட்ரிங்) கொம்பைத் தூக்கி மெய்க்கு முன்னால் வைக்கும் நிரல் துண்டு யாராவது கொடுப்பார்கள். வைத்தால் லேபிளில் பெயர் என்றுதான் தெரியும். ஆனால் அந்தச் சரம் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்தால் தேடினால் கிடைக்காது, அகரவரிசை குலையும், வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் புள்ளிவட்டத்தோடு உடைந்து நிற்கும். மு, கு, து போன்றவற்றுக்கு அந்த வித்தையும் பலிக்காது. இணைந்த வடிவத்துக்குக் குறியெண்ணே கிடையாது. தரவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை ஒரு ஃபைலில் எழுதி, ஷேப்பிங் தெரிந்த ஓர் எடிட்டரில் திறந்து பார்ப்பது போதும். அச்சகத்தில் அப்படித் திறந்து பார்த்தோம். பதிந்துவைத்த பெயர்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

விண்டோஸிலும் தமிழுக்குச் சின்னச் சின்ன இடைஞ்சல்கள் உண்டு. பட்டனுக்கு அகலம் 10 என்று கொடுத்தால் அது பத்துத் தமிழெழுத்து இல்லை. அந்த எழுத்துருவில் பூஜ்யம் என்ற எண்ணின் அகலத்தைப்போல் பத்து மடங்கு. நம் ணகரமும் ஔகாரமும் அதைவிட எவ்வளவோ அகலம், அதனால் “பதிவிறக்கு” என்ற சொல்லின் ஓரம் வெட்டுப்படும். அகலம் கொடுக்காமல் விட்டுவிட்டால் டிகேயே சொல்லை அளந்து இடம் ஒதுக்கும். இல்லாத எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் டிகே எதுவும் சொல்லாமல் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். உண்மையில் எது வந்திருக்கிறது என்பதை ஃபான்ட் பொருளின் ஆக்சுவல் மெத்தடில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது தமிழ் சம்பந்தப்பட்டதே இல்லை, அதிக டிபிஐ (ஓர் அங்குலத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) உள்ள திரையில் விண்டோஸ் உங்கள் விண்டோவைப் படமாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது. விண்டோஸின் ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக, இது டிபிஐ அறிந்த நிரல் என்று விண்டோஸிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

லினக்ஸில் தமிழைச் சரியாகக் காட்ட வேண்டும் என்றால் இப்போதைக்கு என் முடிவு டிகிண்டரை விட்டு நகர்வதுதான். அச்சகத்தின் நிரலைப் பைசைட்6க்கு மாற்றினேன். க்யூடியின் மேல் அமைந்தது, ஹார்ஃப்பஸ்ஸை உள்ளேயே வைத்திருக்கிறது. லேபிளில் போட்டதும் பெயர் பெயராகவே வந்தது. நிறுவினால் நூற்றுக்கணக்கான எம்பி இடம் பிடிக்கும் என்பது உண்மை. டிகிண்டரின் எளிமை அதில் கிடையாது. ஆனால் தன் மொழியின் எழுத்து உடைந்து தெரியும் திரையின் முன்னால் ஒருவரை நாள் முழுக்க உட்காரவைப்பதைவிட அந்த இடம் பெரிதில்லை.

மாறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். க்யூடியிலும் வேறு த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டைத் தொடக் கூடாது. அங்கே க்யூவுக்குப் பதில் சிக்னல் அனுப்பலாம். மௌனத்தில்தான் வித்தியாசம். பைசைட் டிகிண்டரைப் போலவே ட்ரேஸ்பேக்கை அச்சிட்டுவிட்டுத் தொடர்கிறது, அதனால் கன்சோல் இல்லாத இடத்தில் அதே தலைவலி. க்யூடியைப் பைத்தானுக்குக் கொண்டுவரும் இன்னொரு நூலகமான பைக்யூடி 5.5 முதல் நேரெதிர்: ஸ்லாட் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஒன்றில் பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் எழுந்தால் நிரல் மொத்தமும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும், திறந்திருந்த படிவத்தில் தட்டச்சு செய்தது எல்லாவற்றோடும். இரண்டுக்குமே, பிடிக்கப்படாத எக்ஸெப்ஷனுக்குப் பைத்தான் கூப்பிடும் சிஸ்.எக்ஸெப்ட்ஹுக்கில் நம் ஃபங்ஷனைப் பொருத்தி லாக் ஃபைலில் எழுதவைக்கலாம். பைக்யூடியில் அதைச் செய்தால் நிரல் விழாமலும் இருக்கும். முதல் விண்டோவை உருவாக்கும் வரிக்கு முன்னாலேயே அதைப் பொருத்திவிடுங்கள், விண்டோவை உருவாக்கும்போதே வரும் எரரும் அப்போது லாக்கில் விழும்.